வெள்ளத்தின் பின் வரும் நோயும் நம் கடமையும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் மழையையும் வெள்ளத்தையும் வயிற்றுப்போக்கையும் பற்றிப் பேசுவது பொருந்துமா எனச் சிலர் ஐயுறக்கூடும். பொருந்தும் என்பதே நம் கருத்து. கல்வி என்பது தேர்வில் தேறுவதற்கும் வேலையில் அமர்வதற்கும் மட்டும் உரியதன்று. நம் தெருவுக்கு வரும் குடிநீர் எங்கிருந்து வருகிறது, அது கெட்டால் என்ன நோய் வரும், அதைத் தடுக்கும் கடமை யாருடையது என்பவற்றை அறிந்து, அறிந்ததை உரியவரிடம் கேட்கும் துணிவைப் பெறுவதும் கல்வியே. 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர் ஒரு சித்த மருத்துவர் என்பதை ஈண்டு நினைவுகூர்தல் தகும். அப்பெருமகனார் மருத்துவத்தையும் சமுதாயத் தொண்டையும் ஒருங்கே நடத்தியவர். அவ்வழியில் இன்று இப்பொருளை ஆராய்வோம்.

நாம் வாழும் கரிசல் பூமி மழைக்கு ஏங்கும் பூமி. கோவில்பட்டி, கயத்தாறு, எட்டயபுரம், விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம் ஆகிய வட்டங்களில் வானம் பார்த்த வெள்ளாமையே பெரிது. வறட்சி இன்னதென்று நமக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. ஆனால் வெள்ளத்தை எண்ணி நாம் என்றும் ஆயத்தமாக இருந்ததில்லை. 2023 டிசம்பர் 17, 18 ஆகிய இரு நாட்களும் அந்நிலையை மாற்றிவிட்டன. 18-ஆம் நாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழையும், திருச்செந்தூரில் 69 சென்டிமீட்டரும், நம் கோவில்பட்டியில் 53 சென்டிமீட்டரும் பதிவாயின. ஓராண்டு முழுவதும் பெய்ய வேண்டிய மழையின் பெரும்பகுதி ஒரே நாளில் கொட்டித் தீர்த்தது.

அது பெயர் சூட்டப்பட்ட புயலும் அன்று. குமரிக்கடற் பகுதியின் மேல் நிலவிய வளிமண்டலச் சுழற்சியே அம்மழைக்குக் காரணம். அதற்கு இரு வாரங்களுக்கு முன் சென்னையை மூழ்கடித்த மிக்ஜாம் புயலுக்குப் பெயர் இருந்தது. தென்மாவட்டங்களை மூழ்கடித்த மழைக்குப் பெயரில்லை. ஆயினும் அழிவு ஒன்றேதான். தாமிரபரணி கரைபுரண்டது. கோரம்பள்ளம் குளம் உடைந்து தூத்துக்குடி நகரின் பல பகுதிகள் நாட்கணக்கில் நீரில் நின்றன. ஏரல், ஸ்ரீவைகுண்டம் வட்டாரங்கள் துண்டிக்கப்பட்டன. ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் செந்தூர் விரைவு வண்டியில் ஏறத்தாழ 800 பயணிகள் சிக்கித் தவித்தனர். ஆற்றை நம்பிய கூட்டுக் குடிநீர்த் திட்டங்களின் கிணறுகளும் மோட்டார்களும் குழாய்களும் சேதமுற்றன. சுற்றிலும் வெள்ளம்; குடிக்க நீரில்லை. சீவலப்பேரியிலிருந்து வரும் தாமிரபரணி நீரால் தாகம் தீர்க்கும் கோவில்பட்டி மக்களுக்கு இதன் பொருளை விளக்க வேண்டுவதில்லை.

மழை எல்லார்க்கும் பொதுவாகத்தான் பெய்கிறது. ஆனால் நீர் எங்கே சென்று தேங்குகிறது? பள்ளத்தில் தேங்குகிறது. அப்பள்ளத்தில் குடியிருப்பவர் யார்? ஊரின் மேட்டு நிலம் ஊராருக்கும், ஓடைக் கரையும் கண்மாய் வாய்க்காலின் ஓரமும் புறம்போக்கும் நமக்கும் என ஒதுக்கப்பட்ட வரலாற்றை நாம் அறிவோம். காலனி வீடுகள் பல அவ்விடங்களில்தான் நிற்கின்றன. கரிசல் மண்ணின் இயல்பும் இதனோடு சேர்ந்துகொள்கிறது. அம்மண் ஈரம் பட்டதும் உப்பிப் பருத்துத் தன் வெடிப்புகளைத் தானே அடைத்துக்கொள்ளும். அதன்பின் நீர் எளிதில் கீழிறங்காது. செம்மண் நிலத்தில் ஓரிரு நாளில் வற்றும் நீர், கரிசலில் பல நாள் நிற்கும். கழிப்பறைக் குழிகள் நிரம்பி வழியும். அந்நீரே தெருவில் பரவும். தாழ்ந்த கிணற்றிலும் இறங்கும். உடைந்த குழாய்க்குள்ளும் புகும். ஆகவே வெள்ளத்துக்குப் பின் வரும் நோய் விதியால் வருவதன்று. நாம் குடியமர்த்தப்பட்ட இடத்தின் வழியாக வருவது. இவ்வுண்மையை மனத்திற்கொண்டு மேலே செல்வோம்.

வீட்டை விட்டு வெளியேறிய மக்கள் பள்ளிக்கூடத்திலோ சமுதாயக் கூடத்திலோ தங்குகின்றனர். அவ்விடத்தில் நோய் எவ்வாறு அணியணியாக வருகிறது என்பதை அறிந்துகொண்டால் பாதி வெற்றி பெற்றவர்களாவோம்.

முதல் இரண்டு மூன்று நாட்களில் காயங்களும், மின்சாரம் தாக்குதலும், பாம்புக்கடியும் மிகுதி. நீரால் விரட்டப்பட்ட விரியனும் நாகமும் மேட்டைத் தேடி நம்மோடு வந்து ஒதுங்கும். கடிபட்ட இடத்தைக் கீறுவதும், இறுகக் கட்டுவதும், வாயால் உறிஞ்சுவதும் தீங்கு. கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, நஞ்சுமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்கு உடனே கொண்டு செல்வதொன்றே வழி.

முதல் வாரத்தில் தொடங்குவது வயிற்றுப்போக்கு. அதனைத் தொடர்ந்து டைபாய்டு வரலாம். எலியின் சிறுநீர் கலந்த சேற்றில் வெறுங்காலோடு நடப்போர்க்கு எலிக்காய்ச்சல் வரலாம். தேங்காய்ச் சிரட்டையிலும் பழைய டயரிலும் மூடாத தொட்டியிலும் நின்ற தெளிநீரில் ஏடிஸ் கொசு முட்டையிட்டு, ஏழு முதல் பத்து நாட்களுக்குள் பறக்கத் தொடங்கும். டெங்கு அதன்பின் வருகிறது. மஞ்சட்காமாலை ஏறத்தாழ ஒரு மாதம் கழித்தும் தலைகாட்டும். அதாவது தலைவர்களும் நிழற்படக்காரர்களும் வந்து சென்ற பிறகே நோயின் காலம் தொடங்குகிறது. மருத்துவ முகாம் மூன்று நாள் நடந்தால் போதாது, ஆறு வாரமேனும் கண்காணிப்பு வேண்டும் என நாம் கேட்பதற்கு இதுவே காரணம்.

தொற்றுநோயோடு மற்றொன்றும் உண்டு. சர்க்கரை நோய்க்கும் இரத்தக் கொதிப்புக்கும் அன்றாடம் மாத்திரை உண்ணும் முதியோர், காசநோய்க்கு ஆறு மாத மருந்தை இடைவிடாது உண்ண வேண்டியவர் ஆகியோரின் மருந்து வெள்ளத்தோடு போய்விடுகிறது. காசநோய் மருந்து இடையில் நின்றால் நோய் மருந்துக்குக் கட்டுப்படாத வடிவம் எடுக்கக்கூடும். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே மருந்து பெற்றவர், வீடிழந்து முகாமுக்கு வந்ததும் பட்டியலிலிருந்து மறைந்துவிடலாகாது.

இளைஞர்களே! இவற்றையெல்லாம் கேட்டு மலைக்க வேண்டா. மிகக் கொடிய நோயை மிக எளிய பொருளால் வென்ற வரலாறு நம் நாட்டிலேயே உண்டு. 1971-இல் கிழக்குப் பாகிஸ்தானில் போர் மூண்டபோது இலட்சக்கணக்கான மக்கள் மேற்கு வங்காளத்துக்கு ஏதிலிகளாக வந்தனர். எல்லையோர ஊராகிய போங்காவில் காலரா பரவியது. நரம்பு வழி ஏற்றும் உப்புநீர் தீர்ந்துவிட்டது. மருத்துவர் திலீப் மகலனாபிஸ், குளுக்கோசும் சமையல் உப்பும் சோடா உப்பும் அளவாகக் கலந்த நீரைப் பீப்பாய்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினரிடமே கொடுத்துப் பருகச் செய்தார். நூற்றுக்கு முப்பது பேர்வரை இறந்துகொண்டிருந்த நிலை மாறி, சாவு நூற்றுக்கு நான்குக்கும் கீழே இறங்கியது. இன்று நாம் ஓ.ஆர்.எஸ். எனக் கூறும் உப்புச் சர்க்கரைக் கரைசலின் ஆற்றலை உலகம் ஒப்புக்கொண்டது இதன்பின்னரே.

அங்கே அம்மருந்தைக் கொடுத்தவர் யார் என்பதைக் கவனியுங்கள். தாயும், தமையனும், பாட்டியும் கொடுத்தனர். மருத்துவ அறிவு மக்கள் கைக்கு வந்தபோது சாவு பின்வாங்கியது. பொட்டலம் கிட்டாத நிலையில், ஒரு லிட்டர் தூய நீரில் ஆறு சிறுகரண்டி சர்க்கரையும் அரைச் சிறுகரண்டி உப்பும் தலைதட்டி அளந்து கலக்கலாம். உப்பு மிகுந்தால் குழந்தைக்குத் தீங்காகும். ஆதலின் அளவில் கருத்து வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தலாகாது. நாக ஊட்டமாகிய துத்தநாக மாத்திரையைக் கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேட்டுப் பெற்று, அவர் கூறும் அளவில் 10 முதல் 14 நாள் கொடுத்தல் வேண்டும். குழந்தை சோர்ந்து துவண்டாலும், கண் குழிந்தாலும், மலத்தில் இரத்தம் கண்டாலும் தாமதமின்றி 108 வண்டியை அழைத்தல் வேண்டும்.

அடுத்து, 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின் படிப்பினைக்கு வருவோம். அது புயலன்று, ஆயினும் இலட்சக்கணக்கானோர் வீடிழந்து முகாம்களில் தங்கியமையால் நமக்குப் பாடமாகிறது. தமிழகத்தின் பொதுச் சுகாதாரத் துறையினர் குடிநீரில் குளோரின் கலந்தும், குழந்தைகளுக்குத் தட்டம்மைத் தடுப்பூசி போட்டும், நாள்தோறும் நோய்க் கணக்கெடுத்தும் பணியாற்றினர். பலரும் அஞ்சிய பெருங்கொள்ளைநோய் எழவில்லை. இது போற்றத்தக்க சாதனை. கடலூர் மாவட்டத்தில் தட்டம்மை ஓரளவு பரவியது. ஒரு தவணை ஊசி பெற்றோர் மிகுந்திருந்த மக்களிடையேயும் அது பரவியமை, ஒரு தவணை போதாது என்பதைக் காட்டிற்று. இன்று அத்தடுப்பூசி இரு தவணையாகப் போடப்படுகிறது. நம் குழந்தைகளுள் இரண்டாம் தவணை தவறியவர் உளரா என்பதை மழைக்காலத்துக்கு முன்பே பார்த்துக்கொள்ளல் நம் கடமை.

அதே ஆழிப்பேரலையின் மற்றொரு பக்கத்தையும் மறைக்கலாகாது. நாகப்பட்டினம் பகுதியில் ஒடுக்கப்பட்ட மக்கள் முகாம்களிலிருந்து ஒதுக்கப்பட்டதும், பொதுவாக வைத்த குடிநீர்த் தொட்டியில் நீரெடுக்கத் தடுக்கப்பட்டதும் அக்காலச் செய்தித்தாள்களிலும் ஆய்வறிக்கைகளிலும் பதிவாகியுள்ளன. பல ஊர்களின் நகராட்சிகளிலிருந்து துப்புரவுத் தொழிலாளர் கொண்டுவரப்பட்டுப் பிணங்களை அகற்றினர். அவர்களுட் பெரும்பாலோர் நம் மக்கள். தண்ணீர்த் தொட்டிக்கு வரலாகாது எனத் தடுக்கப்பட்ட சமுதாயமே, பிணத்தைத் தூக்குவதற்கு முதலில் அழைக்கப்பட்டது.

தண்ணீர் நமக்குப் புதிய போராட்டமன்று. 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் மகாட் நகரின் சவுதார் குளத்தில் இறங்கி நீரை அள்ளிப் பருகினார். அதன்பின் சாதி இந்துக்கள் அக்குளத்தைத் 'தூய்மை' செய்வதாகக் கூறிச் சாணத்தையும் கோமூத்திரத்தையும் பாலையும் தயிரையும் குளத்து நீரில் ஊற்றினர். பொதுச் சுகாதாரம் பயின்ற எவரும் இதைக் கேட்டால் திகைப்பர். நல்ல நீரில் சாணத்தைக் கலப்பது தூய்மை, ஒரு மனிதன் கை நனைப்பது தீட்டு என்னும் நம்பிக்கை அறியாமை மட்டுமன்று. அது உடல்நலத்துக்கும் பகை. 1937-இல் பம்பாய் உயர்நீதிமன்றம் அக்குளத்தில் நீரெடுக்கும் நம் மக்களின் உரிமையை உறுதி செய்தது.

முகாமில் ஒரு பகுதியினர்க்குத் தூய நீர் மறுக்கப்பட்டால் அவர்கள் கிடைத்த நீரைப் பருகுவர், நோயுறுவர், அந்நோய் சாதி பாராமல் முகாம் முழுவதும் பரவும். ஆகவே சமத்துவம் என்பது அறத்தின் பாற்பட்டது மட்டுமன்று. நோய்த்தடுப்பின் முதல் விதியும் அதுவே.

சட்டம் நம் பக்கம் நிற்கிறது. 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 61-ஆம் பிரிவு, இழப்பீட்டிலும் நிவாரணத்திலும் பால், சாதி, சமூகம், மரபுவழி, மதம் ஆகியவற்றின் பெயரால் பாகுபாடு காட்டலாகாது என விதிக்கிறது. அதன் 12-ஆம் பிரிவு முகாமில் தங்குமிடம், உணவு, குடிநீர், மருத்துவம், துப்புரவு ஆகியவற்றுக்குக் குறைந்த அளவு நெறிகள் வேண்டும் என்கிறது. உள்ளாட்சிகளின் சுகாதாரக் கடமைகளை வகுத்த சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் 1939-லேயே வந்தது. பொது நீர்நிலையையும் குழாயையும் பயன்படுத்தவிடாமல் நம்மைத் தடுப்பது 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி, 2015-இன் திருத்தத்துக்குப் பின், தெளிவாகக் குற்றமாகும். இச்சட்டங்களின் பெயரையும் பிரிவையும் ஒவ்வோர் இளைஞரும் மனப்பாடமாக வைத்தல் நலம். 'கொடுங்கள்' என இரப்பதற்கும், '61-ஆம் பிரிவின்படி வழங்குக' என மனு எழுதுவதற்கும் வேறுபாடு மிகப் பெரிது.

இனி, கணக்கைக் காண்போம். பேரிடர்க் கால உதவிக்கென உலக நாடுகளில் வழங்கும் 'ஸ்பியர்' நெறிகள், ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் நீரும், 20 பேருக்கு ஒரு கழிப்பறையும், ஒருவருக்கு 3.5 சதுர மீட்டர் தங்குமிடமும் வேண்டும் என்கின்றன. நம் பள்ளிக்கூடத்தில் 200 பேர் தங்குவதாகக் கொள்வோம். நாளொன்றுக்கு 3,000 லிட்டர் நீர், 10 கழிப்பறை, 700 சதுர மீட்டர் இடம் தேவை. அப்பள்ளியில் இருப்பது எத்தனை கழிப்பறை? அவற்றுள் இருளில் பெண்கள் அச்சமின்றிச் செல்லத்தக்கன எத்தனை? இக்கணக்கை மழைக்கு முன் செய்து ஊராட்சியில் கொடுத்தால், குறை எங்கே என்பது எழுத்தில் நிற்கும்.

நீரைத் தூய்மை செய்வதிலும் அளவு உண்டு. 1,000 லிட்டர் தெளிந்த நீருக்கு ஏறத்தாழ 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் எனப் பாடநூல்கள் கூறும். கலங்கிய வெள்ளநீருக்கு அவ்வளவு போதாது. தெளியவிட்டுப் பின்னரே கலத்தல் வேண்டும். கலந்து அரைமணி முதல் ஒருமணி நேரம் பொறுத்தல் வேண்டும். அதன்பின் குழாய் நீரில் லிட்டருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருத்தல் வேண்டும். சுகாதார ஆய்வாளரிடம் உள்ள குளோரோஸ்கோப் என்னும் சிறு கருவி இதைக் காட்டிவிடும். தெருவின் இரு ஓரத்திலும் வெள்ளைத் தூளைக் கோலமாகத் தூவுவது கண்ணுக்கு ஆறுதல். குடிநீரில் குளோரின் இருப்பதே உயிருக்குக் காப்பு. காலனியின் கடைசிக் குழாயில் அளந்து காட்டுமாறு பணிவோடும் உறுதியோடும் நாம் கேட்க வேண்டும். குளோரின் கிட்டாதபோது, நீரைத் தளதளவெனக் கொதிக்க வைத்து ஆற்றிப் பருகுதல் நன்று.

துப்புரவுத் தொழிலாளரைப் பற்றிக் கூறாமல் இவ்வுரை நிறைவுறாது. வெள்ளம் வடிந்த தெருவில் சேற்றையும், செத்த ஆடுமாடுகளையும், அடைத்த சாக்கடையையும் அகற்ற இறங்குபவர் நம் உடன்பிறந்தோர். ஊரின் நோயைத் தடுக்கும் முதல் மருத்துவர்கள் அவர்களே. அவர்களுக்கு முழங்கால்வரை பூட்சும், கையுறையும், சோப்பும், டி.டி. ஊசியும் தருவது சலுகையன்று. எலிக்காய்ச்சலைத் தடுக்கும் மாத்திரை வேண்டுமா என்பதை மருத்துவ அலுவலர் பார்த்து முடிவு செய்தல் வேண்டும். கழிவுநீர்த் தொட்டிக்குள்ளும் சாக்கடைக் குழிக்குள்ளும் பாதுகாப்பின்றி மனிதனை இறக்குவதை 2013-ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்துள்ளது. 'அவசரம்' என்னும் சொல் அத்தடையை நீக்கிவிடாது.

வயிறும் நலத்தின் பகுதியே. 2023 வெள்ளத்தில் உளுந்தும் பாசிப்பயறும் மக்காச்சோளமும் அழிந்தன. பயிர் இழப்பீடு நிலமுடையார்க்கு உரியது. களையெடுத்துக் கூலி பெறும் கைக்கு அதில் பங்கில்லை. தீப்பெட்டித் தொழிலுக்கு வெயில் வேண்டும். மழை நாட்களில் அக்கூலியும் நிற்கிறது. கூலியிழந்த வீட்டில் உணவு குறையும். உணவு குறைந்த குழந்தையை நோய் எளிதில் வெல்லும். அவ்வாண்டு மிகுதியாகப் பாதிக்கப்பட்ட வட்டங்களில் குடும்பத்துக்கு 6,000 ரூபாயும், ஏனைய வட்டங்களில் 1,000 ரூபாயும் குடும்ப அட்டை வழியாக வழங்க அரசு அறிவித்தது. அட்டையில்லாக் குடும்பம், தனித்து வாழும் கைம்பெண், தனிக்குடித்தனம் சென்றும் அட்டை பிரிக்காத இளம் தம்பதியர் ஆகியோரின் நிலை என்ன? அட்டை பெறுதலும் நோய்த்தடுப்பின் ஓர் அங்கமே என நாம் கருத வேண்டும்.

ஆகவே இவ்வெள்ளி விழாவின் பயனாக ஒரு பணியை மேற்கொள்வோம். ஒவ்வொரு காலனியிலும் ஐந்து இளைஞரும் ஐந்து பெண்களும் சேர்ந்து ஒரு குறிப்பேடு தொடங்கட்டும். ஐப்பசி மழைக்கு முன்பாக, ஆண்டுதோறும் புரட்டாசியில் அதனைப் புதுப்பிக்கட்டும். குடும்பங்களின் எண்ணிக்கை, கருவுற்ற தாய்மாரும் அவர்தம் பேறுகால நாளும், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளும் தடுப்பூசித் தவணைகளும், நாள்மருந்து உண்போரும் அம்மருந்தின் பெயரும், நடக்க இயலாதோர், அட்டை இல்லாதோர், நீர் முதலில் ஏறும் வீடுகள் ஆகிய யாவும் அதில் இடம் பெறட்டும். அதன் படி ஒன்று ஆரம்ப சுகாதார நிலையத்திலும் மற்றொன்று கிராம நிர்வாக அலுவலரிடமும் இருக்கட்டும். மருந்துச் சீட்டின் நகலும், ஓ.ஆர்.எஸ். பொட்டலங்களும், குளோரின் மாத்திரைகளும் நெகிழிப் பையிலிட்டு மேடான வீடொன்றில் வைக்கப்படட்டும். மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறையின் 1077, மருத்துவ ஆலோசனைக்குரிய 104 ஆகிய எண்கள் சுவரில் எழுதப்படட்டும்.

இது சிறு பணியாகத் தோன்றலாம். ஆனால் வெள்ளம் வரும் இரவில், 'உங்கள் தெருவில் எத்தனை பேர்?' என்னும் வினாவுக்கு உடனே விடை கூறக்கூடிய சமுதாயத்தை எவரும் கணக்கிலிருந்து விட்டுவிட இயலாது. எண்ணப்படாதவர்க்கு நீரும் வராது, மருந்தும் வராது. நம்மை நாமே எண்ணி எழுதி வைத்தல் உரிமைக்கு அடிப்படை.

அரசை நோக்கியும் நம் வேண்டுகோள் இரண்டு. முதலாவது, முகாமாகப் பயன்படும் பள்ளியும் சமுதாயக் கூடமும் காலனி மக்கள் தடையின்றிச் சேரத்தக்க மேட்டிடத்தில் அமைதல் வேண்டும். இரண்டாவது, ஓடைக் கரையிலும் பள்ளத்திலும் வாழ்வோர்க்கு மேட்டு நிலத்தில் மனைப்பட்டா வழங்கல் வேண்டும். ஆண்டுதோறும் மருந்தும் அரிசியும் தருவதைக் காட்டிலும், நீர் ஏறாத நிலத்தில் ஒருமுறை மூன்று சென்ட் தருவது சிறந்த பொதுச் சுகாதாரமாகும்.

இருபத்தைந்து ஆண்டுகளாக நம் பிள்ளைகளின் கையில் ஏடும் எழுதுகோலும் தந்த இச்சங்கம், அதே எழுதுகோலால் இக்குறிப்பேட்டை எழுதுமாறு அவர்களைக் கேட்டுக்கொள்கிறது. வரும் மழைக்காலத்துக்குள் முதல் பக்கம் எழுதப்படுமாக!